எத்தனை நாள் ஆகும்?

திங்கட்கிழமை சைட் மீட்டிங்கில் கேட்கப்படும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “எப்ப முடியும்?” வருகிற பதிலும் ஒன்றுதான்: “முடிச்சிடலாம் சார்.” இந்தப் பதிலில் தேதி இல்லை. அதற்குள் ஒரு தேதியைப் போட்டுக் கொடுப்பது என் வேலை. கட்டுமானத் துறையில் நான் ஒரு பிளானிங் இன்ஜினியர்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஆறு மாடி வணிகக் கட்டடம் ஒன்றுக்கு முழு ஷெட்யூலையும் நானே போட்டேன். சுமார் அறுநூறு வேலைகள். எது முடிந்தால் எது தொடங்கலாம் என்று ஒவ்வொன்றையும் இன்னொன்றோடு கோர்த்து, பிரைமவேராவில் எஃப்9 தட்டினேன். திரையில் நவம்பர் 18 என்று வந்தது. மேனேஜர் பார்த்தார். “ஆகஸ்ட் 31-ன்னு கிளையண்ட்கிட்ட சொல்லியாச்சேப்பா. கொஞ்சம் பாரு.”

எங்கள் ஊழியத்தில் ‘பாரு’ என்றால் பார்ப்பது இல்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து ‘பார்த்தேன்’. மேல்தளத்துக்கு கான்கிரீட் போட்டு முட்டுகளைப் பிரிக்க 14 நாள் வைத்திருந்தேன். அதை 7 ஆக்கினேன். பூச்சு முடிந்த பிறகு பெயிண்ட் என்றிருந்ததை, பூச்சு பாதியில் இருக்கும்போதே பெயிண்ட் என்று மாற்றினேன். லிஃப்ட் பொருத்த 60 நாள் என்பது 40 ஆனது. இப்படிப் பதினான்கு இடங்கள். மறுபடி எஃப்9. ஆகஸ்ட் 29! ஏ3 தாளில் கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். “சூப்பர்” என்றார்கள்.

கட்டடம் டிசம்பர் முதல் வாரத்தில் முடிந்தது. கான்கிரீட் என் ஷெட்யூலைப் படிக்கவில்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் உறுத்தியது. அந்த ஏ3 தாளை யாருமே நம்பியிருக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அப்படியானால் இந்தக் கணக்கை யார், எதற்காகக் கண்டுபிடித்தார்கள்? திரையில் சிவப்பாக ஓடும் அந்தக் கோடு எங்கிருந்து வந்தது? தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

*

நாள்களைக் கட்டங்களாகப் போட்டு வேலைகளைப் பட்டைகளாக வரையும் படத்தை நாம் கான்ட் சார்ட் என்கிறோம். ஹென்றி கான்ட் (1861–1919) அமெரிக்கப் பொறியாளர். முதல் உலகப்போர்க் காலத்தில் ஆயுதக் கிடங்குகளிலும் கப்பல் கட்டும் பணிகளிலும் அவருடைய படங்கள் பரவின. அதன்பின் சோவியத் ஒன்றியத்தின் ஐந்தாண்டுத் திட்டங்கள் வரை போயின. ஆனால் அந்தப் பட்டைப் படத்துக்கு ஒரு குறை உண்டு. இந்தப் பட்டை ஏன் இந்த இடத்தில் தொடங்குகிறது என்று அது சொல்லாது. மேலே ஒரு பட்டை நாலு நாள் தள்ளிப்போனால் கீழே எவையெல்லாம் தள்ளும் என்பது வரைந்தவர் மண்டைக்குள்தான் இருக்கும்.

இதற்கும் முன்னால், 1896-லேயே, போலந்துப் பொறியாளர் கரோல் அடமியெட்ஸ்கி ஹார்மோனோகிராம் என்றொரு படத்தை உருவாக்கியிருந்தார். ஒவ்வொரு வேலைக்கும் அது எந்த வேலையிலிருந்து வருகிறது, எந்த வேலைக்குப் போகிறது என்று அதில் குறித்தார். அந்தக் குறை அங்கே கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. அவர் எழுதியது போலிஷிலும் ரஷ்ய மொழியிலும் என்பதால் மேற்கே யாரும் கவனிக்கவில்லை. சின்ன மொழியில் எழுதுகிறவர்களுக்கு இது புதிய கதை இல்லைதான்.

*

அறுபது ஆண்டுகள் தாண்டுவோம். 1956-57. அமெரிக்காவின் டூபான்ட் ரசாயன நிறுவனத்திடம் ஒரு யூனிவாக் கணினி இருந்தது. பெரும் பணம் போட்டு வாங்கிய அந்த யந்திரத்துக்கு என்னென்ன வேலை கொடுக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். டூபான்ட்டின் மோர்கன் வாக்கர், யூனிவாக்கை விற்ற ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லி இருவரும் சேர்ந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். வாக்கர் பொறியாளர், கெல்லி கணிதக்காரர்.

அவர்கள் கேள்வி ‘எப்போது முடியும்?’ என்பதில் நிற்கவில்லை. ஒரு ஆலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டுமானால் எந்த வேலைக்குக் கூடுதல் காசு போட வேண்டும் என்பதே அவர்களுக்குத் தேவைப்பட்டது. அதுவரை வழக்கம், எல்லாருக்கும் ஓவர்டைம் கொடுப்பது. எல்லாரும் ஓடுவார்கள். எல்லாச் செலவும் ஏறும். முடிவுத் தேதி மட்டும் கொஞ்சமாக நகரும். ஏன் அப்படி?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். கடை ஒன்றைப் புதுப்பிக்கிறீர்கள். பழைய தரையை உடைக்க 3 நாள். உடைத்த பிறகு ஒயரிங் பைப் பதிக்க 4 நாள். வெளியூரிலிருந்து டைல்ஸ் வர 8 நாள். பைப் பதித்து, டைல்ஸும் வந்த பிறகு ஒட்ட 5 நாள். பைப் பதித்த பிறகு சுவருக்குப் பெயிண்ட், 3 நாள். கடைசியில் அலமாரி பொருத்த 2 நாள்.

வழிகளைக் கூட்டுங்கள். உடைப்பு, பைப், டைல்ஸ் ஒட்டுதல், அலமாரி: 14 நாள். உடைப்பு, பைப், பெயிண்ட், அலமாரி: 12 நாள். டைல்ஸ் வருதல், ஒட்டுதல், அலமாரி: 15 நாள். மிக நீளமானது எதுவோ அதுதான் மொத்த வேலையின் நீளம். அதுதான் கிரிட்டிகல் பாத். அந்த வழியில் ஒரு நாள் தாமதமானால் கடைத்திறப்பு ஒரு நாள் தள்ளும்.

இப்போது கடைக்குள் போய்ப் பாருங்கள். சுத்தியல் சத்தம், தூசி, வியர்வை, “சீக்கிரம் உடைங்கப்பா” என்று முதலாளியின் கத்தல். உடைப்பவருக்கு இரட்டைக் கூலி கொடுத்து 3 நாள் வேலையை ஒரே நாளில் முடித்தாலும் கடை 15-ஆம் நாள்தான் திறக்கும். ஏனென்றால் தீர்மானிக்கும் வேலை அங்கே நடக்கவே இல்லை. எங்கோ ஒரு குடோனில், லாரிக்குக் காத்து, சத்தமே இல்லாமல் கிடக்கிறது. முதல் நாள் காலையில் டைல்ஸ் கடைக்கு ஒரு போன் போட்டிருந்தால் மிச்சமாகியிருக்கும் நாளை, இரட்டைக் கூலியால் வாங்க முடியாது.

அதேசமயம், உடைப்பு வேலைக்கு ஒரு நாள்தான் சலுகை. பெயிண்டருக்கு 3 நாள். இந்தச் சலுகைக்குத்தான் ஃப்ளோட் என்று பெயர். உடைப்பு இரண்டு நாள் தாமதமானால் அந்த வழி 16 நாள் ஆகிவிடும். கிரிட்டிகல் பாத் டைல்ஸை விட்டுத் தாவி உடைப்பவர் கைக்கு வந்துவிடும். இன்று உயிர்நாடியாக இருக்கிற வேலை நாளைக்குச் சாதாரண வேலையாகிவிடலாம். அதனால்தான் ஒருமுறை கணக்குப் போட்டுச் சுவரில் ஒட்டினால் போதாது. திரும்பத் திரும்பப் போட வேண்டும். அதற்குத்தான் யூனிவாக்.

கென்டக்கி மாநிலத்து லூயிவில்லில் இருந்த டூபான்ட் ஆலையில் இதைச் சோதித்தார்கள். பராமரிப்புக்காக ஆலையை நிறுத்திவைக்கும் நேரம் சராசரியாக 125 மணி. கெல்லி-வாக்கர் முறையில் அது 93 மணியாகக் குறைந்தது. 1959 டிசம்பரில் பாஸ்டனில் நடந்த கணினி மாநாட்டில் இருவரும் இதைக் கட்டுரையாக வாசித்தார்கள். முதலில் அந்த நீளமான வழியை ‘முதன்மைச் சங்கிலி’ என்ற பொருளில்தான் அழைத்து வந்தார்கள். ‘கிரிட்டிகல் பாத்’ என்ற பெயர் இன்னொரு குழுவிடமிருந்து வந்தது.

*

அந்த இன்னொரு குழு அமெரிக்கக் கடற்படையில் இருந்தது. நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து அணு ஏவுகணையைச் செலுத்தும் போலாரிஸ் திட்டத்துக்காக 1955-ல் தனி அலுவலகம் ஒன்றைத் தொடங்கி, ரியர் அட்மிரல் வில்லியம் ராபர்னைத் தலைவராக்கினார்கள். 1957 அக்டோபர் 4 அன்று சோவியத்தின் ஸ்புட்னிக் வானில் சுற்றத் தொடங்கியது. போலாரிஸின் கெடு முன்னுக்கு இழுக்கப்பட்டது. ஏவுகணை, கப்பல், வழிகாட்டும் கருவி, ஏவுகுழாய் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்தாக வேண்டும். பல ஒப்பந்த நிறுவனங்கள். எதையும் யாரும் இதற்கு முன் செய்ததில்லை.

இங்கே டூபான்ட்டுக்கு வராத ஒரு சிக்கல் வந்தது. ஆலை கட்டுகிறவர் ஏற்கெனவே ஆலை கட்டியிருப்பார். எத்தனை நாள் என்று கேட்டால் ஓரளவு சொல்லிவிடுவார். இதுவரை இல்லாத ஒரு பொருளைக் கண்டுபிடிக்க எத்தனை வாரம் ஆகும் என்று கேட்டால் பொறியாளர் என்ன சொல்வார்?

1958-ல் கடற்படை அலுவலகமும், பூஸ் ஆலன் ஹாமில்டன் என்ற ஆலோசனை நிறுவனமும், ஏவுகணையைக் கட்டிய லாக்ஹீடும் சேர்ந்து உருவாக்கிய முறைக்குப் பெர்ட் என்று பெயர். அதில் பொறியாளரிடம் ஒரே எண்ணைக் கேட்கவில்லை, மூன்று கேட்டார்கள். எல்லாம் நல்லபடியாக நடந்தால் எத்தனை வாரம்? வழக்கம்போல் நடந்தால்? எல்லாம் கோளாறானால்? நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தார்கள். கடைசிக்கும் முதலுக்கும் உள்ள இடைவெளியை வைத்து, கெடுவுக்குள் முடிய எவ்வளவு வாய்ப்பு என்றும் கணக்கிட்டார்கள்.

இதைப் படித்தபோது எங்கள் சைட்டில் கட்டுவேலை பார்க்கும் மேஸ்திரி ஞாபகத்துக்கு வந்தார். இரண்டாம் மாடிச் சுவர் எழுப்ப எத்தனை நாள் என்று ஒருமுறை கேட்டேன். “மழை இல்லேன்னா பன்னெண்டு நாள் தம்பி. ஒரு மழை ரெண்டு மழைன்னா பதினஞ்சு. செங்கல் லோடு நின்னுபோச்சுன்னா இருபத்தி நாலுகூட ஆவும், அப்ப என்னைக் கேக்காதீங்க.” நான் தலையாட்டிவிட்டு மென்பொருளில் 12 என்று டைப் செய்தேன். அந்தக் கட்டத்தில் ஒரு எண்ணுக்குத்தான் இடம்.

மேஸ்திரி சொன்னதைப் பெர்ட் கணக்கில் போட்டால் 12, நான்கு முறை 15, 24: மொத்தம் 96, ஆறால் வகுத்தால் 16 நாள். அவர் மனதில் வைத்திருந்த ‘வழக்கமான’ எண்ணைவிடவும் ஒன்று கூட. கெட்டது நடக்கும்போது நாள்கள் நிறையக் கூடுகின்றன. நல்லது நடக்கும்போது கொஞ்சம்தான் குறைகின்றன. இது கொத்தனாருக்குத் தெரியும். கடற்படையின் கணக்கர்களுக்கும் தெரிந்திருந்தது. நடுவில் இருக்கும் எனக்குத்தான் தெரியவில்லை.

பெர்ட்டின் சூத்திரத்தைவிட அந்தக் கேள்வியின் வடிவம் பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது. மூன்று எண் கேட்பது என்பது, ‘எனக்கு உறுதியாகத் தெரியாது’ என்று சொல்ல ஒருவரை அனுமதிப்பது. ஒரு ராணுவ அலுவலகம், அதுவும் பனிப்போரின் உச்சத்தில், கீழே இருப்பவரிடம் அப்படிக் கேட்க வேண்டிவந்தது.

அதன் பிறகு நடந்ததும் இதே கதையின் பகுதிதான். 1960 ஜூலை 20 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் என்ற நீர்மூழ்கி, நீருக்கடியிலிருந்து போலாரிஸை வெற்றிகரமாக ஏவியது. பெர்ட் உலகப் புகழ் பெற்றது. அரசு ஒப்பந்தமா, பெர்ட் படம் கொண்டுவா என்று கேட்கத் தொடங்கினார்கள். 1972-ல் ஹார்வி சபோல்ஸ்கி என்ற அரசியல் அறிஞர் போலாரிஸ் திட்டத்தின் வரலாற்றை நூலாக எழுதினார். அவர் காட்டிய சித்திரம் வேறு. ஏவுகணையைச் செய்த தொழில்நுட்பப் பிரிவுகள் பெர்ட்டைப் பெரிதாகச் சார்ந்திருக்கவில்லை. வாஷிங்டனிலிருந்து கேள்வி கேட்க வருகிறவர்கள் முன் அந்தப் படங்களைக் காட்டியபோது, ‘இவர்கள் எல்லாம் தெரிந்து செய்கிறார்கள்’ என்ற எண்ணம் உண்டானது, தலையீடு குறைந்தது. அந்தப் படம் ஒரு கேடயமாக இருந்தது.

வாசித்ததும் என் ஏ3 தாள் கண்முன் வந்தது. நான் செய்தது புதுசு இல்லை. முறை பிறந்த இடத்திலேயே அது இருந்திருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு: அவர்கள் கேடயத்துக்குப் பின்னால் உண்மையிலேயே வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

*

கணக்கிலும் ஒரு ஓட்டை இருந்தது. பெர்ட், நீளமான ஒரு வழியை மட்டும் பார்த்து வாய்ப்பைச் சொல்கிறது. ஆனால் டைல்ஸ் ஒட்ட, டைல்ஸும் வர வேண்டும், பைப்பும் பதித்திருக்க வேண்டும், மேஸ்திரியும் வர வேண்டும். ஒவ்வொன்றும் குறித்த நாளில் நடக்க 80 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். நல்ல வாய்ப்புதானே? மூன்றும் ஒன்றையொன்று சாராமல் இருந்தால், மூன்றும் சேர்ந்து நடக்க 51 சதவீதம்தான். காசு சுண்டுவதுபோல. வழிகள் சந்திக்கும் இடங்களில் தாமதம் தானாகப் பிறக்கிறது, யாரும் சோம்பேறியாக இல்லாமலேயே. மெக்கிரிமன், ரியாவெக் என்ற இரு ஆய்வாளர்கள் 1964-லேயே பெர்ட் தேதிகள் ஏன் எப்போதும் நம்பிக்கை மிகுந்தவையாக இருக்கின்றன என்று விளக்கிவிட்டார்கள். ஆனாலும் திங்கட்கிழமை மீட்டிங்கில் நாம் ‘யாரால் லேட்?’ என்றுதான் கேட்கிறோம்.

*

கணினி இல்லாத ஒப்பந்தக்காரர் என்ன செய்வார்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஃபாண்டால், கடற்படையின் கட்டுமானப் பிரிவுக்காக 1961-ல் ஓர் அறிக்கை எழுதினார். கணினியே வேண்டாம், பென்சிலும் தாளும் போதும் என்பது அதன் சாரம். கெல்லியும் வாக்கரும் வேலைகளை அம்புகளாக வரைந்திருந்தார்கள். ஃபாண்டால் வேலைகளை வட்டங்களாக வைத்து, அவற்றுக்கு இடையே கோடுகளை இழுத்தார். கையால் போடவும் திருத்தவும் இது எளிது.

வேடிக்கை என்னவென்றால், இன்று நாம் பயன்படுத்தும் மென்பொருட்கள் எல்லாம் அந்த ‘கணினி வேண்டாம்’ அறிக்கையின் வாரிசுகள். அம்புப் படம் வழக்கொழிந்தது. பெட்டியும் கோடும் நிலைத்தன. 1983-ல் பென்சில்வேனியாவில் பிரைமவேரா நிறுவனம் தொடங்கியது. 1984-ல் டாஸ் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் வந்தது. பெருநிறுவனங்களின் குளிரூட்டிய அறைகளில் இருந்த கணக்கு, தகரக் கொட்டகை சைட் ஆபீஸில் தூசி படிந்த டெஸ்க்டாப்புக்கு வந்து சேர்ந்தது.

கணக்கு எளிதானபோது பொய்யும் எளிதானது. யூனிவாக் காலத்தில் ஒரு திட்டத்தை ஏற்ற, பொறியாளர்கள் கூடி உட்கார்ந்து, எதற்குப் பின் எது என்று வாதாட வேண்டியிருந்தது. வாதாடும்போதே பாதித் தவறுகள் வெளியே வந்துவிடும். இப்போது நான் ஒருவன், ஒரு ராத்திரி, பதினான்கு எண்கள். மென்பொருளில் ‘கட்டாய முடிவுத் தேதி’ என்றொரு வசதிகூட இருக்கிறது. அதைப் போட்டால், வேலைகளின் கோர்வை என்ன சொன்னாலும் அந்த வேலை நீங்கள் சொன்ன தேதியில் முடிந்ததாகவே திரை காட்டும். அறிமுகமில்லாதவர் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

தெரிய வருகிற இடம் ஒன்று உண்டு: தகராறு மேடை. கட்டடம் தாமதமானால் உரிமையாளர் அபராதம் கேட்பார், ஒப்பந்தக்காரர் கால நீட்டிப்பு கேட்பார். அப்போது பழைய ஷெட்யூல்களை எடுத்துப் போட்டு, தாமதம் கிரிட்டிகல் பாத்தில் விழுந்ததா, ஃப்ளோட்டில் விழுந்ததா என்று நிபுணர்கள் அலசுவார்கள். ஃப்ளோட் யாருடைய சொத்து என்பதே ஒரு வழக்கு. பிரிட்டனின் கட்டுமானச் சட்டச் சங்கம் 2002-ல் வெளியிட்ட நெறிமுறை, ஒப்பந்தம் வேறு சொல்லாதவரை, ஃப்ளோட் யாருக்கும் தனிச்சொத்து இல்லை, யார் முதலில் பயன்படுத்துகிறாரோ அவருக்கு என்கிறது. பொதுக்குழாயில் தண்ணீர் பிடிப்பதுபோல. அதனால் என்ன நடக்கிறது? எல்லாரும் தங்கள் சலுகை நாள்களை ஒளிக்கிறார்கள். 4 நாள் வேலைக்கு 7 நாள் கேட்கிறார்கள். மேலே இருப்பவர் அது தெரிந்து 5 ஆக வெட்டுகிறார். அடுத்தமுறை 9 கேட்கிறார்கள். எண்களை வைத்து ஆடும் இந்தச் சீட்டாட்டத்தில் உண்மையான 4 காணாமல் போய்விடுகிறது. அதன்பின் யூனிவாக் என்ன, எந்த யந்திரம் வந்தாலும் பயனில்லை.

இதுதான் இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. கிரிட்டிகல் பாத் என்பது கூட்டல் கழித்தல்தான், எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். கணக்குக்குள் போகிற எண்தான் கஷ்டம். அந்த எண் ஒரு மனிதரின் வாயிலிருந்து வருகிறது. ‘இருபத்தி நாலு’ என்று சொன்னால் தனக்கு என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுத்தான் அவர் வாயைத் திறக்கிறார்.

*

இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறேன். ‘கொஞ்சம் பாருங்க’ இங்கேயும் உண்டு. எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு காரியம் செய்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஒரு குறிப்புக் கட்டம் வைத்திருக்கிறேன். அந்த நாள் எண்ணை யார் சொன்னார், என்ன நிபந்தனையோடு சொன்னார் என்று அதில் எழுதுகிறேன். ‘மழை இல்லேன்னா’ என்பதும் அதில் ஏறும். ஒரு எண்ணை மேலே இருப்பவர் குறைக்கச் சொன்னால், குறைத்துவிட்டு அவர் பெயரையும் தேதியையும் அங்கேயே போடுகிறேன்.

முதல் தடவை அப்படிச் செய்தபோது மேலாளர் திரையை உற்றுப் பார்த்தார். 14 நாள் இருந்த இடத்தில் 7. பக்கத்தில் அவர் பெயர்.

“இது எதுக்கு?”

“ஞாபகத்துக்கு சார்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, பதினாலே இருக்கட்டும். கிளையண்ட்கிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார்.

எஃப்9 தட்டினேன். முடிவுத் தேதி ஒரு வாரம் தள்ளிப்போனது. அதை அப்படியே பிரிண்ட் எடுத்தேன்.